கடுகும் வெடிக்குழாயும்

கடுகுக்குக் கோபம் வராத நாளை அவள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆள் ஐந்தடிகூட இருக்க மாட்டாள். பள்ளி வேனின் ஓட்டுநர் இருக்கையில் திண்டு போட்டு உட்கார்ந்தால்தான் அவளுக்குச் சாலை தெரியும். அதைப் பார்த்து மற்ற ஓட்டுநர்கள் வைத்த பெயர்தான் கடுகு. சிறுத்தாலும் காரம் போகாது என்பதை அவர்களில் நாலைந்து பேருக்குப் புரியவைத்த பிறகு, அந்தப் பெயரை அவளும் ஏற்றுக்கொண்டாள்.

பறவைகளிடம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் கோபம்தான். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டபின் ஏரிக்கரை மரநிழலில் வேனை நிறுத்திக் கொஞ்சம் கண்ணயர்வது அவள் வழக்கம். ஒரு நாள் இரண்டு தடியர்கள் தண்ணீரில் மிதந்த நாமக்கோழிகள்மேல் கல் எறிந்து பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடுகு ஜாக்கிக் கம்பியோடு இறங்கிப் போனாள்.

"அதுங்க உங்கள என்னய்யா பண்ணிச்சு? கை அரிக்குதுன்னா ஒருத்தன் மண்டையில ஒருத்தன் எறிஞ்சுக்கோங்க!"

அவர்கள் நழுவிவிட்டார்கள். பைனாகுலரும் கையுமாகப் புதர் ஓரத்தில் நின்ற பல் டாக்டர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆட்களைத் திரட்டி அந்த ஏரியின் பறவைகளை எண்ணுகிறவர் அவர்.

"வருஷத்துல ஒரு காலைதாம்மா. எங்களோட எண்ண வர்றீங்களா?"

"சம்பளம்?"

"டீ உண்டு."

"சர்க்கரை தூக்கலா இருந்தா வர்றேன்."

அப்படிச் சேர்ந்தவள் பிறகு ஒரு குளிர்காலத்தையும் விடவில்லை. கூட்டத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து அடைக்கும் இடத்தைக் கண்ணில் நிறுத்தி, அதே அளவால் கூட்டம் முழுவதையும் அளக்கக் கற்றுக்கொண்டாள். கரையைச் சுற்றி நிற்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். நடுவில் பறவைகள் கலைந்தால், இங்கே எண்ணியதையே அங்கேயும் எண்ணிவிடுவார்கள், மொத்தமும் பாழ். கடுகின் இடம் பழைய பம்பு அறையின் பக்கம். வேனில் நாளெல்லாம் கத்துகிறவள், அங்கே உதட்டைக்கூட அசைக்காமல் நிற்பாள்.

இந்தக் குளிர்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் கணவன் வேலை பார்த்த டயர் கடையை மூடிவிட்டார்கள். அதிர்ந்து பேசாத மனுஷன். அலைந்து திரிந்து, ஏரியோரம் புதிதாக வந்த ஓட்டலில் சேர்ந்தான். என்ன வேலை என்று கேட்டபோது, "தோட்டம், அது இதுன்னு எல்லாந்தான்" என்றான். கடுகும் துருவவில்லை.

கணக்கெடுப்புக்கு முந்தின நாள், அவள் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இந்த வாத்துங்கல்லாம் எந்தப் பக்கம்மா ஜாஸ்தியா ஒதுங்கும்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் பறவையைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. கடுகுக்கு மனசு பூரித்துப்போயிற்று. ஊசிவால் வாத்துகள் விடிந்ததும் ஏரி நடுவில் இருக்கும், வெயில் ஏற ஏற உங்கள் ஓட்டல் பக்கத்துக் கோரைப்புல்லுக்குத்தான் வந்து சேரும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவன் கவனமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை பனி விலகியது. வாத்துகள் மெல்ல மெல்லக் கோரையை நோக்கி நகர்ந்தன. கடுகு பாதிக் கூட்டத்தைக்கூட எண்ணி முடித்திருக்க மாட்டாள். டமார் என்று ஒரு சத்தம் ஏரியையே உலுக்கியது. அது அடங்குவதற்குள் இன்னொன்று. ஏரியிலிருந்த அத்தனையும் ஒரே வீச்சில் மேலே எழும்பின. கிளுவை வாத்தா ஊசிவாலா என்று பிரிக்க முடியாதபடி தலைக்குமேல் சுழன்றன. எதிர்க்கரையில் யாரோ "போச்சு, எல்லாம் போச்சு!" என்று கத்தினார்கள்.

புகை கோரைப்புல்லின் ஓரத்திலிருந்து வந்தது. கடுகு சேற்றில் செருப்பு புதையப் புதைய ஓடினாள். அங்கே, வயல்காட்டில் பறவை விரட்டும் வெடிக்குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் கணவன் நின்றிருந்தான். காலடியில் வெடிக்கு நிரப்பும் கார்பைடு டப்பா.

கடுகு அவன் எதிரில் போய் நின்றாள்.

"இதுக்குத்தான் கேட்டீங்களா?"

"மெதுவா பேசும்மா. மேல விருந்தாளிங்க சாப்பிடுறாங்க. உக்காருற பலகையெல்லாம் எச்சம் போடுதுன்னு மேனேஜர் சத்தம் போடுறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"வெடிக்கிறது உங்க வேலைன்னா சொல்லிட்டு வெடிச்சிருக்கலாம். என் வாயாலயே இடத்த கேட்டுக்கிட்டு வந்து வெடிச்சிருக்கீங்களே, மனசு எப்படி வந்திச்சு?"

அவன் குனிந்து டப்பாவை மூடினான். அவள் அவனைத் தாண்டிப் படியேறினாள்.

மேலே தண்ணீரை ஒட்டிய மரத்தளத்தில் விருந்தாளிகள் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். சட்டை மடிப்புக் கலையாத மேனேஜர் ஒரு மேசையருகே குனிந்து, "பக்கத்துல கல்குவாரி இருக்குங்க, அங்க வெடி வைக்கிறாங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"எந்தக் குவாரிய்யா?" என்றாள் கடுகு, முழங்கால்வரை சேறோடு.

"இந்தாம்மா, நீ யாரு?"

"கீழ நின்னு வெடிக்கிறாரே, அவரு பொண்டாட்டி."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "உன் வீட்டுக்காரரு இங்க சம்பளம் வாங்குறாரு இல்ல?"

"அவரு வாங்குறாரு. நான் என் வாய உங்களுக்கு வாடகைக்கு விடல." அவள் மேசைகளின் பக்கம் திரும்பினாள். "நல்லா கேட்டுக்கோங்க. இது குவாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கிருந்தோ பறந்து வந்த வாத்துங்கள, நீங்க உக்காந்து தின்ன இடைஞ்சலா இருக்குன்னு இவங்க வெடிச்சு விரட்டுறாங்க. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறாரு இந்த மனுஷன்!"

காவலாளி அவள் முழங்கையைப் பிடித்தான். அதற்குள் ஓரத்து மேசையிலிருந்த ஓர் அம்மாள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். "வாத்த பாக்கத்தானே தண்ணிப் பக்கம் ரூம் கேட்டோம்? அத விரட்டிட்டு எங்ககிட்ட குவாரின்னு கதையா விடுறீங்க?" என்று மேனேஜரைப் பிடித்துக்கொண்டாள். மற்ற மேசைகளிலும் நாற்காலிகள் நகர்ந்தன.

கணவனுக்கு அன்று மத்தியானமே வேலை போயிற்று. வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"உன் வாயால என் பொழப்புல மண்ணு விழுந்திச்சு. டயர் கட மூடினப்ப நான் எத்தன வாசல் ஏறி எறங்கினேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்கு நான் ஒரு வார்த்த சொன்னேனா? வேல போனா வேற வேல. என்னைய ஏமாத்துனதுக்கு எந்தக் கடையில போய் பதில் வாங்குவீங்க?"

அவன் சட்டையோடு திண்ணையில் போய்ப் படுத்தான். அவள் சமாதானமாகவில்லை.

பல் டாக்டர் அடுத்த ஞாயிறு மறுபடி எண்ணுவோம் என்றார். அன்று காலை கணவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "நானும் வரட்டுமா?" என்றான். கடுகு, "வேணாம்" என்று சொல்லிவிட்டு வேனைக் கிளப்பினாள்.

அன்று வெடி இல்லை. விருந்தாளிகள் போட்ட சண்டையில் ஓட்டல்காரர்கள் குழாயை ஓரங்கட்டிவிட்டதாகப் பேச்சு. ஆனால் கோரைப்புல் பக்கம் ஒரு வாத்துகூட ஒதுங்கவில்லை. ஏரி நடுவில் இருந்ததும் போன குளிர்காலத்தில் பாதிகூடத் தேறாது. கரையில் மேசை போட்டு எல்லோருடைய எண்ணிக்கையையும் கேட்டு எழுதிய டாக்டர், "வெடிச்சத்தம் பத்தியும் எழுதணுமா? ஓட்டல்காரங்கதான் இந்த வருஷம் நமக்குத் தொப்பியெல்லாம் குடுத்தாங்க" என்று இழுத்தார். கடுகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அவர் மேசையில் போட்டாள்.

"எழுதுங்க டாக்டர். யாரு வெடிச்சதுன்னும் சேத்து எழுதுங்க. அவரு என் புருஷன்தான். எழுதுங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.