அத்தான் கண் திறக்காமல் விட்ட முகம்

இந்த நினைவு மலரின் அட்டையைப் பார்த்ததும், அத்தானின் நல்ல புகைப்படம் ஒன்று கிடைக்கவில்லையா என்று நீங்கள் நினைத்திருக்கலாம். படங்கள் நிறைய இருக்கின்றன. அட்டையில் இருப்பது அவர் தம் கையாலேயே கறுப்புக் கல்லில் செதுக்கிய அவருடைய முகம். அக்காதான் அதைத் தெரிந்தெடுத்தார். "படத்தில எல்லாம் ஆருக்கோ போஸ் குடுக்கிறார். கல்லிலதான் என்ரை மனிசன் இருக்கிறார்" என்றார். அந்த முகத்தை அத்தான் செதுக்கத் தொடங்கிய அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. ஏன் என்பதை அக்காவின் தங்கையாகிய நான் இங்கே எழுதுகிறேன்.

அத்தான் பிறந்தது சிம்பாப்வேயில், ஹராரே நகருக்கு வடக்கே மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரில். தகப்பனார் பிறருடைய புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். இளம் வயதிலேயே அத்தான் கற்சிற்பிகள் கூடி வேலை செய்யும் இடமொன்றில் போய்ச் சேர்ந்தார். அங்கே பட்டறை என்றால் ஒரு மரநிழல்தான். மலையிலிருந்து கல்லை இறக்குவார்கள். அத்தான் சுத்தியலின் பிடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். மணிபோல ஒலித்தால் நல்ல கல். சத்தம் அடைத்துக்கொண்டு வந்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம்; வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தொடமாட்டார். அந்தக் காதுதான் அவரைப் பெரிய சிற்பியாக்கியது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்களாம். ஐரோப்பிய நகரங்களில் அவருடைய சிற்பங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரு கோடைகாலத்துக்கு விருந்தினராக மொன்றியலுக்கு அழைக்கப்பட்டவர், இங்கேயே தங்கிவிட்டார்.

அவர் தங்கியதற்குக் காரணம் கல் அல்ல, எங்கள் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்த நாங்கள் அப்போது மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் இருந்தோம். புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் அக்காவுக்குப் பக்கத்து மேசை அத்தானுடையது. அக்கா வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் நேரில் வந்தார். புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைப்பது பற்றி இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். எங்கள் அப்பாவும் புகையிலை நட்டவர். பொழுதுபடும்போது அப்பா உள்ளே வந்து, "பெடியன் தோட்டக்காரன் பிள்ளைதான், பறவாயில்லை" என்றார். அத்துடன் கல்யாணம் முற்றாகிவிட்டது.

அத்தான் எங்களிடம் தமிழ் கற்றார். அது எங்கள் தமிழ்தான். ஆமாவுக்கு ஓம் என்பார், பிறகுக்குப் பேந்து என்பார், கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சுக்குப் போய்விடுவார். புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் எங்களைவிட ஒரு பிடி கூடவே சாப்பிடுவார். கோயில் தேருக்கு வேட்டியோடு வந்து வடம் பிடிப்பார்.

மொன்றியலுக்கு வந்தபின் அவருடைய சிற்பங்கள் மாறின. ஊரில் அவர் பறவைகளையும், பிள்ளையைச் சுமக்கும் தாய்மாரையும் செய்தவர். இங்கே முகங்கள் மட்டுமே செய்தார். நீண்ட கழுத்து, கீழே பார்க்கும் முகம், முகத்துக்குப் பின்னால் செதுக்காமல் விட்ட பழுப்புக் கல்தோல். முடிந்ததும் கல்லைச் சூடாக்கி மெழுகு பூசுவார். முகம் கன்னங்கரேலென்று மினுங்கும், பின்பக்கம் மலையில் கிடந்தபடியே இருக்கும். கண்ணை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் திறப்பார். எங்கள் ஊர்ச் சிற்பிகளும் அப்படித்தான் என்று அப்பா சொன்னபோது அவருக்குச் சரியான சந்தோஷம். சிற்பங்கள் விற்கும் கலரி நடத்திய ஒரு பெண்மணி, இது எந்த ஆவியின் முகம் என்று பயபக்தியோடு கேட்டிருக்கிறார். "ஆவி இல்லை மதாம், இது என்ரை மாமா" என்றாராம் அத்தான்.

அந்த மாமா எங்கள் அப்பா. அத்தான் அப்பாவின் முகத்தைச் செதுக்கியபோது அப்பா நல்ல சுகதேகியாக, பிறகு குடிபோன ரொக்ஸ்பரோவில் நடந்து திரிந்தார். சிற்பத்துக்குக் கண் திறந்து சில வாரங்களில் அப்பா போய்விட்டார். நாங்கள் அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை. அடுத்ததாகப் பெரியம்மாவின் முகம். கல்லில் அது முடிந்தபோது பெரியம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார், வீட்டுக்குத் திரும்பவில்லை.

பிறகு கதை பரவாமல் இருக்குமா? கல்லில் முகம் வடிக்கிறது சாமிக்கும் செத்தவனுக்கும்தான், உயிரோடு இருக்கிறவனுக்கு ஏன் என்று சனம் கேட்கத் தொடங்கியது. கல்யாண வீடுகளில் அத்தான் யாரையாவது கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவர்கள் தட்டையும் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்கு மாறினார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் சிலர் இதை வாசித்து நெளிவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு மாமா என்னிடம் நேராகவே சொன்னார்: "பிள்ளை, உவர் உப்பிடிப் பாத்தா நான் எப்பிடிச் சாப்பிடுறது? உன்ரை அத்தானை அங்கால திருப்பிவிடு."

நான் ஒருநாள் அத்தானிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மச்சாள், நான் செதுக்கிறதால ஒருத்தரும் போகேல்லை. மாமா இருமினவர். நீங்கள் எல்லாரும் இருமல் எண்டு கேட்டீங்கள். எனக்கு அது வெடிச்ச கல்லின்ரை சத்தமாக் கேட்டுது. போறதுக்கு முதல் முகத்தைப் பிடிச்சு வைக்கவேணும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அவர் முன்னால் இருமவே பயந்தேன். தொண்டை கரகரத்தால் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு இருமினேன். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அக்காவின் முகத்தை மட்டும் செதுக்க அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. அக்கா எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தார். "நீ எனக்கு முன்னால நிக்கிறாய், எனக்கேன் கல்லு?" என்று சொல்லி விட்டுவிடுவார்.

இப்படி எல்லோரும் முகத்துக்குப் பயந்துகொண்டிருந்தோம். தூசுக்கு ஒருவரும் பயப்படவில்லை.

ஊரில் அத்தான் வெளியில் நின்று வேலை செய்தவர். தூசைக் காற்றுக் கொண்டுபோய்விடும். லாசாலில் வீடு வாங்கியபின் கராஜ்தான் பட்டறை. கோடையில் கதவைத் திறந்து, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கல்லைத் தேய்ப்பார். பனிக்காலத்தில் கதவைத் திறக்க முடியாது, வாளித் தண்ணீரும் உறைந்துவிடும். கதவை மூடிக்கொண்டு காய்ந்த கல்லைக் கிரைண்டரால் அரைப்பார். மாஸ்க் கழுத்தில் தொங்கும். சாப்பிட வரும்போது அரிசிமா மூட்டைக்குள் விழுந்து எழும்பினவர்போல இருப்பார். அக்கா சமையலறைக் கதவடியில் நின்று அவருடைய உடுப்பை உதறுவார். உதறிவிட்டுத் தன் தலையையும் தட்டிக்கொள்வார். "எனக்கு வயசே போகேல்லை, இது கல்லு நரைச்சது" என்று பகிடி விடுவார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒரு பனிக்காலமும் அது தவறியதில்லை.

அத்தானுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மெட்ரோப் படிகளில் பாதியில் நிற்பார், விளம்பரத்தை வாசிப்பதுபோல. டாக்டர் அவருடைய முதுகில் விரலை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டார். அத்தான் என் பக்கம் திரும்பி, "பாத்தியா, இவரும் என்ரை தொழில்தான்" என்றார். டாக்டர் தட்டுவதை நிறுத்தியபோது அத்தானின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவருக்குச் சத்தம் கேட்டுவிட்டது. பரிசோதனை முடிவில் டாக்டர் சொன்னது, கல்தூசு நுரையீரலில் படிந்து அது இறுகிவிட்டது, இனி இளகாது என்பதுதான்.

அடுத்த கிழமை அவர் கராஜில் தம் முகத்தைத் தொடங்கினார். கிரைண்டரைத் தொடவில்லை, மூக்கில் ஒட்சிசன் குழாயோடு, அரத்தால் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. அக்கா தேத்தண்ணி கொண்டு போனவர் அதைக் கண்டுவிட்டுத் தேத்தண்ணியோடேயே திரும்பி வந்தார். நான் முதலில் சொன்ன, சோறு இறங்காத நாள் அதுதான்.

அந்த முகத்துக்குக் கண் திறந்தபின்னும் அத்தான் சில மாதங்கள் இருந்தார். தம் சாவை அவர் முகம் கோணாமல் ஏற்றார். யாரையும் குறை சொல்லவில்லை. அவர்களுடைய மகள் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யிலிருந்து வேலை முடிந்து வரும்வரை விழித்திருந்து, அவளோடு பிரெஞ்சில் பகிடி விட்டுச் சிரித்து, இருமி, மறுபடியும் சிரிப்பார். கடைசியில் ஒரு விடியற்காலை, அக்காவின் கையைப் பிடித்தபடி, நித்திரையிலேயே போனார்.

அத்தானின் கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு நானும் நிறுத்தியிருப்பேன். முடியவில்லை.

போவதற்குச் சில நாட்களுக்கு முன் அத்தான் என்னைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். மூலையில் மற்றக் கற்களுக்குப் பின்னால் அக்காவின் பழைய நூல்சேலையால் மூடிய ஒரு கல் இருந்தது. சேலையை விலக்கச் சொன்னார். அக்காவின் முகம். நெற்றி, மூக்கு, வாயோரத்தில் அந்தப் பிடிவாதம், எல்லாம் வந்துவிட்டது. கண் மட்டும் திறக்கவில்லை.

"கை தானாச் செதுக்கிப்போட்டுது, மச்சாள். குசினிக்குள்ள அவள் இருமிறது கேட்டுக்கொண்டு இருந்தது. நான் கவனிக்கேல்லை. கண்ணடிக்கு வந்த பிறகுதான் ஆரெண்டு பாத்தன். நிப்பாட்டிப்போட்டன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"நான் இதுக்குக் கண் திறக்கமாட்டன். நீ அவளை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போ. என்ரை உடுப்பை உதறினவள் அவள்தானே."

அக்கா போகவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும் என்றார். பிறகு பனி முடியட்டும் என்றார். பிறகு, "அவரின்ரை ஒரு வருச ஆட்டைத் திவசம் முடிய எல்லாம் பாப்பம், எனக்கென்ன, சளித் தடிமல்தானே." கிளினிக்கில் நான் எடுத்து வைத்த நாட்களையெல்லாம் எனக்குத் தெரியாமல் தொலைபேசியில் தள்ளிப் போட்டார். இந்தக் குளிரில் அவருடைய இருமல் மாறிவிட்டது. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், எனக்கு அத்தானின் காது இல்லை. ஆனாலும் எனக்குக் கேட்கிறது.

அத்தானின் இறுதி நாட்களில் வீடு வந்து பார்த்த தாதிமாருக்கும், பனியைத் தள்ளி ஆம்புலன்ஸுக்கு வழி விட்ட பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக் குடும்பத்துக்கும், வேறு ஊர்க்காரர் என்று பாராமல் எங்கள் முறைப்படியே கிரியை செய்து வைத்த ஐயாவுக்கும், சமைத்து அனுப்பிய உறவுகளுக்கும், சிம்பாப்வேயிலிருந்து தொலைபேசியில் பாடி அழுத அவருடைய சகோதரிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மேசை மாறி உட்கார்ந்தவர்களுக்கும் நன்றி. நீங்களும் செத்த வீட்டுக்கு வந்து, வரிசையில் நின்று, அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டீர்கள்.

இந்தப் பக்கங்களை அக்காவின் மகளும் நானும் அக்காவுக்குக் காட்டாமல்தான் அச்சுக்குக் கொடுத்தோம். அக்கா, அந்தக் கல்லைப் பற்றி நீங்கள் இப்போதுதான் அறிகிறீர்கள். சபையில் வைத்துச் சொன்னதற்குக் கோபியுங்கள். தனியாகச் சொன்னால் உங்களுக்கு இன்னொரு சாட்டுக் கிடைத்திருக்கும். இப்போது இந்த மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். திவசம் இன்றோடு முடிகிறது. திங்கட்கிழமைக்குக் கிளினிக்கில் நாள் எடுத்திருக்கிறேன், பஸ்ஸுக்கு வேறு ஆள் சொல்லியிருக்கிறேன். காலையில் காரோடு வருவேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நில்லுங்கள்.