பின்கதவில் அம்மன்

படகுகளுக்கும் ராயபுரத்துக் கடைப் பலகைகளுக்கும் பெயின்ட் அடித்துப் பிழைத்தவன் நான். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்து லாரிகள் ஏலத்துக்கு வந்தபோது, கடலை விட்டு டிரைவரான என் தோஸ்து ஒன்றை வாங்கினான். அதன் அழுதுவடிந்த பச்சையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு நாள் உட்கார்ந்தேன். பக்கப் பலகைகளில் தாமரை, கிளி, கொடி. முன்பக்கம் முழுக்க இரும்பும் சூடும், படம் நிற்காது. பின்கதவுதான் நல்ல அகலப் பலகை. அதில் அம்மனை எழுதி, வழக்கப்படி கடைசியில் அவள் கண்ணைத் திறந்தேன். அவ்வளவு அழகாக அதற்குமுன் நான் எழுதியதில்லை, பொய் சொல்வானேன்.

மறுநாள் காலை ஹார்பரில் முதல் லோடு, கோதுமை மூட்டை. பத்து மணிக்குள் திருவொற்றியூர் கிடங்கில் இறக்காவிட்டால் வேலை மறுபடி மாட்டுவண்டிகளுக்கே என்று காண்டிராக்டர் சொல்லியிருந்தார்.

பின்கதவைச் சங்கிலியில் படுக்கவைத்தார்கள். அதன்மேல் நடந்துதான் மூட்டை ஏற்ற வேண்டும். என் அம்மன் தரையைப் பார்த்துக் குப்புறக் கிடந்தாள். படகில் இந்தத் தொல்லை கிடையாது. லாரியில் எப்படி ஏறுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

கூலியாட்களின் மேஸ்திரி ஒதுங்கி நின்றார். "அம்மாவ குப்புற போட்டு முதுகுல ஏறி மிதிக்க சொல்றியா நைனா? நம்மளால ஆவாது."

டிரைவர் என்மேல் பாய்ந்தான். "இன்னா மாமு, இப்டி பேஜாரு பண்ட்ட? கெரசின் கீது, அயிச்சிடு."

"கண்ண தொறந்த கையால அயிக்க மாட்டேன். நீயே அயி."

அவன் கதவைத் தூக்கி நிறுத்தி, படத்தை அழிக்கக் கெரசின் துணியோடு அதன் எதிரில் நின்றான். அவனுக்கும் கை எழவில்லை. எனக்கு அவன்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். கடைசியில் துணியை வீசிவிட்டு ஸ்பேனரை எடுத்துக் கதவையே கழற்றினான். மூட்டைகள் ஏறின. திறந்த பின்பக்கத்தைக் கயிற்றால் வரிந்து கட்டினார்கள்.

"அம்மாவ கீய வெக்காத, முன்னாடி போவட்டும்" என்றார் மேஸ்திரி. அவர்களே பலகையை டிரைவர் தலைக்கு மேலே, ரோட்டைப் பார்த்து நிறுத்திக் கட்டினார்கள்.

டோல்கேட் தாண்டியதும் வேடிக்கை. சாமி புறப்பாடு என்று நினைத்து மாட்டுவண்டிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மீன்கூடைக்காரி ஒருத்தி கூடையை இறக்கிவைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது பலகையின் வெறும் மரம்தான். பக்கவாட்டில் எட்டி எட்டி, கும்பிட்டவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே போனேன்.

பத்தடிக்க அரைமணி இருக்கும்போதே கிடங்கு வந்துவிட்டது. டிரைவர் குதித்திறங்கி என்னைக் கட்டிக்கொண்டான். எனக்குத்தான் திருவொற்றியூர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.