கபீருக்குப் பதில் யாரு?

காய்ந்த கஞ்சியின் புளித்த வாசனை எங்கேனும் மூக்கில் ஏறினால், இன்றும் என் கை தானாகக் கிரிக்கெட் மட்டையைத் தேடுகிறது. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் நாங்கள் ஆடிய பொட்டலில் பாதி, கஞ்சி போட்ட பேண்டேஜ் துணியைக் காயப்போடும் இடமாக இருந்தது. பந்து துணியில் விழுந்தால் துணிக்காரர் அதைப் பிடுங்கிக்கொள்வார் என்பதால், "துணியில பட்டா அவுட்டு" என்று சட்டம் வைத்திருந்தோம். இன்னொரு சட்டம் கபீருக்காக. இளம்பிள்ளை வாதத்தில் அவனுக்கு வலது கால் சூம்பியிருந்தது. ஆனால் நின்ற இடத்திலிருந்தே அவன் சுழற்றிவிடும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எங்கள் கீப்பருக்கே தெரியாது. அவன் பந்து போடுவான், மட்டை பிடிக்க மாட்டான். "கபீருக்குப் பதிலு யாரு?" என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் கேட்பேன், யாராவது ஒருவன் அவனுக்காக இரண்டாவது தடவை ஆடுவான். அது ஒரு சலுகை என்று எங்களுக்கும் தோன்றியதில்லை, அவனுக்கும் தோன்றியதில்லை.

கேப்டன் நான், எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பையன்கள் எங்களோடு ஆட வந்தபோது, அவர்களில் மூன்று பேர் நன்றாக அடித்தும் துணியில் பட்டு அவுட்டானார்கள். "எங்க ஊர்ல இது ஃபோருல்லா" என்று அவர்களுடைய கேப்டன் அழாத குறையாகக் கேட்டான். "எந்த ஊரு கிரவுண்டோ அந்த ஊரு ரூலு" என்றேன். ஜெயித்தோம். அந்தத் திமிரோடு அடுத்த வாரம் அவர்கள் ஊருக்குப் பஸ் ஏறினோம்.

கிளம்பும்போது கபீரின் அம்மா வாசல்வரை வந்தார். "அவன ஓட மட்டும் விட்டுராதய்யா. போன தடவ விழுந்ததுக்கே ஒரு மாசம் படுத்துக் கெடந்தான்." அவன் மட்டையையே தொடமாட்டான் என்று வாக்குக் கொடுத்தேன்.

அங்கே ஒன்பது விக்கெட் விழுந்து, ஜெயிக்க இரண்டே ரன் வேண்டியிருந்தபோது, நான் மட்டையோடு நின்றபடி வழக்கம்போல "கபீருக்குப் பதிலு யாரு?" என்றேன். அவர்களுடைய கேப்டன் குறுக்கே வந்தான். "இங்க ஒருத்தன் ரெண்டு தடவ ஆடக் கூடாது. பதினோரு பேரும் மட்ட பிடிக்கணும். எந்த ஊரு கிரவுண்டோ அந்த ஊரு ரூலு, நீ சொன்னதுதானலே."

ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. "நீ அந்தப் பக்கம் சும்மா நில்லு, நான் அடிச்சுக்கிடுதேன்" என்று கபீரிடம் சொன்னேன். நான் அடித்த பந்து எல்லைக்குப் போகும் என்று பார்த்தால், பாதியிலேயே புல்லில் நின்றுவிட்டது. ஒருநாளும் கபீரோடு சேர்ந்து ஓடியிராத நான், பழக்க தோஷத்தில் "வா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பாதி தூரத்தில்தான் யாரைக் கூப்பிட்டிருக்கிறேன் என்று உறைத்தது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி அவன் என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தான். என்னைத் தாண்டிய இரண்டாவது எட்டில் விழுந்தான். அவர்கள் நிதானமாக நடந்துபோய் ஸ்டம்பைத் தட்டினார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது, "ஏம்லே ஓடுன?" என்று அவன்மீதே எரிந்து விழுந்தேன்.

"நீ கூப்பிட்டயேன்னுதான்."

அதற்குப் பிறகு அவன் பொட்டலுக்கு வரவில்லை. அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது அந்தப் பொட்டலில் மாடி வீடுகள் வந்துவிட்டன. துணியும் இல்லை, கஞ்சி வாசனையும் இல்லை. இரண்டு ஊர்ப் பையன்களும் ஒரே சட்டத்தில் ஆடுகிறார்கள். கபீருக்குப் பதில் யார் என்று கேட்க ஒருவரும் இல்லை. போன மாதம் பஜாரில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு செருப்புக் கடைக்குள்ளிருந்து என் பெயர் கேட்டது. திரும்பினால் கபீர், தலை நரைத்து, கல்லாவில் உட்கார்ந்திருந்தான். கையை ஆட்டி, "வாலே, உள்ள வா" என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு நடந்தேன். நான் கூப்பிட்டபோது அவன் அந்தக் காலோடு ஓடி வந்தான். எனக்கு இரண்டு கால்களும் நன்றாகத்தான் இருக்கின்றன.