வெள்ளிக்கிழமை கழுவிய வண்டி

என் மகள் அந்தச் சத்தத்தைப் பற்றி முதலில் சொன்னது ஒரு திங்கட்கிழமை. சிரம்பானில் ஒரு பல் கிளினிக்கில் அவளுக்கு வேலை. எங்கள் பழைய பிக்கப்பில்தான் தோட்டத்திலிருந்து தினமும் போய் வருவாள். அன்று வந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "அப்பா, கியர் போட்டு கிளட்ச்ச விட்டா கீழ 'டொக்'குன்னு அடிக்குது" என்றாள்.

"மெதுவா விடு. லோரி ஓட்டற மாதிரி விட்டா அடிக்கத்தான் செய்யும்" என்றேன்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருப்பவனுக்கு, யார் எதைக் கேட்டாலும் உடனே ஒரு பதில் சொல்லிவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. அடுத்த நாள் நானே எடுத்து ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச்சை முட்டையின் மேல் கால் வைப்பதுபோல் விட்டேன். ஒரு சத்தமும் இல்லை. வந்து அவளிடம் வெற்றியோடு சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து வேறு ஒன்று சொன்னாள். வேகம் அறுபதைத் தாண்டினால் நடுக்கம் வருகிறதாம். டயராக இருக்கும், காற்று பார்க்கலாம் என்றேன்.

"டயரா இருந்தா ஸ்டீரிங்ல தெரியும் லா அப்பா. இது முதுகுல தெரியுது."

"முதுகுல தெரியுதாம். பெரிய இஞ்சினியரு" என்று அவள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. அதன் பிறகும் ஒரு மாதம் அந்த வண்டியில்தான் போய் வந்தாள்.

ஒரு காலை ஏழே கால் மணிக்குப் போன் வந்தது. சிரம்பானுக்கு இறங்கும் மலை ரோட்டில், வளைவு முடிந்த இடத்தில், இஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் நீண்ட இரும்புத் தண்டு பின்முனையில் கழன்று ரோட்டில் விழுந்திருந்தது. அதை ஷாஃப்ட் என்பார்கள். கியரைக் குறைத்தும் வண்டியின் வேகம் குறையவில்லை. பிரேக்கை மட்டும் நம்பி, உருட்டிக்கொண்டே போய் ஓரமாக நிறுத்தியிருக்கிறாள். மோட்டார் சைக்கிளில் நான் போய்ச் சேர்ந்தபோது ரோட்டோரக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டின் முனை இழுபட்டு, தாரில் ஒரு வெள்ளைக் கோடு வளைவிலிருந்து அவள் நின்ற இடம்வரை நீண்டிருந்தது.

நான் அவளைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். அடிபட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "எத்தன தடவ சொன்னேன், கிளட்ச்ச அப்படி விடாத, விடாதன்னு! ஒரு வண்டிய ஒழுங்கா ஓட்டத் தெரியுதா உனக்கு?"

லோரிக்காரர்களில் ஒருவர், "விடுங்க அண்ணே, பிள்ள பயந்துபோயிருக்கு" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் மகள் சிரம்பானிலேயே அம்பாங்கானில் இரண்டு தோழிகளோடு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலைக்குப் பக்கம் என்று அம்மாவிடம் காரணம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி குழம்பை அடைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "நீங்களும் வாங்க" என்று இரண்டு முறை கூப்பிட்டாள், பிறகு விட்டுவிட்டாள். மாலை ஆறரைக்குச் செம்பனை வரிசைகளுக்கு நடுவே எந்த வண்டி வந்தாலும் என் காது அதோடு போகும். வாசல்வரை வந்து தாண்டிப் போய்விடும். மகள் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் இடத்தில் மனைவி வேறு எதையும் வைக்கவில்லை.

வண்டியை இழுத்துக்கொண்டுபோய் விட்டது சிரம்பான் ரஹாங்கில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம். அவர் அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்து, என்னையும் கீழே கூப்பிட்டார். தண்டைப் பிடித்திருக்கும் பின்பக்க மூட்டு உடைந்திருந்தது. முன்பக்க மூட்டு இன்னும் மாட்டியபடி இருந்தது. தண்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். தண்டு திரும்பியது, மூட்டு ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்பியது. 'டொக்.'

"கேட்டுச்சா அண்ணே?"

கேட்டது. அவள் அன்று சொன்ன அதே சத்தம்.

மூட்டின் மூடியைச் சுற்றிச் சிவப்பாகத் துருத்தூள் படிந்திருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஊசி ஊசியாக இருக்க வேண்டிய உருளைகள் பொடியாகக் கொட்டின. "துளி கிரீஸ் இல்ல" என்றார்.

"மாசாமாசம் அடிக்கிறேனே தம்பி!"

"வண்டிய எப்படிக் கழுவுவீங்க?"

அதைச் சொல்வதில் எனக்குப் பெருமையே இருந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்த பிறகுதான் வெளியே எடுப்போம். மகள் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து எனக்குப் பயம். லீவு நாளில் தோட்டத்து உரமூட்டை ஏற்றுகிற வண்டி, அடியில் உரம் ஒட்டினால் இரும்பைத் தின்றுவிடும். அதனால் பூச்சிமருந்து டாங்கிகளைக் கழுவுகிற பிரஷர் பம்ப்பை எடுத்து, வாரம் தவறாமல் வண்டிக்கு அடியிலும் அடிப்பேன். மூட்டுகளில்தான் அழுக்கு அதிகம் சேரும் என்று குழாயை அங்கேயே கிட்டத்தில் பிடிப்பேன்.

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். "அந்தத் தண்ணி ரப்பரத் தாண்டி உள்ள போயிருக்கு. நீங்க அடிச்ச கிரீஸ நீங்களே கழுவிட்டீங்க அண்ணே." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "பின்பக்கம் விழுந்ததால பிள்ள தப்பிச்சிச்சு. முன்பக்கம் விழுந்து ரோட்டுல குத்தியிருந்தா வண்டியே தூக்கிப் போட்டிருக்கும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அட்டைமேல் படுத்தபடியே இருந்தேன். இப்போது இதை எழுதும்போதும் அந்த வாக்கியத்தில் கை நின்றுவிடுகிறது.

அவர் புது மூட்டுகள் வாங்கக் கடைக்குப் போனார். அந்தத் தண்டு இரண்டு துண்டு; வளைந்துபோன பின்துண்டுக்குப் பதிலாக அதே மாதிரி வண்டியிலிருந்து கழற்றிய ஒன்றை எடுத்து வைத்திருந்தார். எனக்குக் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. டீசலும் துணியும் எடுத்து, தண்டின் இரண்டு துண்டுகளையும் பளபளவென்று துடைத்து வைத்தேன்.

திரும்பி வந்தவர் கேட்டார்: "கோடு எங்க?"

"எந்தக் கோடு?"

"எந்தப் பக்கம் எதோட சேரணும்னு சாக்பீஸ்ல போட்டு வச்சேனே." என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "ஐயோ அண்ணே! நீங்க கழுவாம விட்ட சாமான் ஒண்ணாவது இருக்கா? வீட்ல பூன கீன இருந்தா சொல்லுங்க, பாவம்."

குத்துமதிப்பாக மாட்டி ஓட்டிப் பார்த்தோம். 'டொக்' போய்விட்டது. ஆனால் அறுபதில் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி முதுகில் ஏறியது. ஸ்டீரிங் அசையவே இல்லை. அவள் சொன்னது சரிதான், முதுகில்தான் தெரிந்தது. மெக்கானிக் திரும்பக் கழற்றி, ஒரு துண்டை அரைச் சுற்று திருப்பி மாட்டினார். அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பின்முனையையும் திருப்பி மாட்டிய பிறகுதான் வண்டி எண்பதிலும் அமைதியாக ஓடியது.

அன்று மாலை அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். 'வண்டி சரியாகிவிட்டது. ஓட்டிப் பார்க்கிறாயா?' மறுநாள் மதியம்தான் பதில் வந்தது. 'சனிக்கிழமை.'

கிளினிக் வாசலில் ஓட்டுகிற பக்கம் ஏறினாள். கண்ணாடியைச் சரிசெய்தாள், கிளட்ச்சை அவள் வழக்கப்படி படக்கென்று விட்டாள். ஒரு சத்தமும் இல்லை. பெரிய ரோட்டுக்கு வந்து வேகம் பிடித்த பிறகு சொன்னேன்.

"நான்தாம்மா. பம்ப் அடிச்சு அடிச்சு கிரீஸையெல்லாம் நான்தான் கழுவிட்டேன்."

அவள் ரோட்டையே பார்த்தாள். "அப்ப என் கிளட்ச்சு?"

"உன் கிளட்ச்சுல ஒண்ணுமில்ல."

"லோரிக்காரங்க முன்னாடி சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். தப்பு."

சந்திப்பு வந்தது. இடப்பக்கம் போனால் தோட்டம், வலப்பக்கம் அம்பாங்கான். சிவப்பு விளக்கில் நின்றோம். அவள் கை இண்டிகேட்டருக்குப் போனதும், எந்தப் பக்கம் என்று பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வண்டி வலப்பக்கம் திரும்பியது.

அவள் அறை இருக்கும் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினாள். நான் ஓட்டுகிற பக்கம் வந்து ஏறிக்கொண்டேன். கதவை மூடாமல் பிடித்தபடி நின்றாள்.

"இனிமே அந்தப் பம்ப்ப நீங்க தொடாதீங்க லா. கிரீஸ நானே வந்து அடிக்கிறேன். எத்தன நாளைக்கு ஒரு தடவ அடிக்கணுமாம்?"

மாதம் ஒரு முறை போதும் என்றுதான் மெக்கானிக் சொல்லியிருந்தார்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ" என்றேன்.