வம்சாவளிப் போட்டியில் ஓர் ஆறுதல் பரிசு

ஆத்தூர் அணைக்குக் கீழே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் போகும் மண்பாதையில் நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏற மெயின் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். முன்னால் மாமா, தலையில் துண்டு சுற்றிய ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் பெட்டிகளை மைக்செட் முதலாளியின் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டார். ஆம்ப்ளிஃபயரை மட்டும் அவர் யாரையும் நம்பி விடுவதில்லை. நடுவில் அம்மா. கடைசியில் நான், கையில் ஒரு புது எவர்சில்வர் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு, அழுதுகொண்டே.

எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது ஒரு சைக்கிள். நீல நிறம், முன்னால் கூடை வைத்தது. அது எங்களுக்குப் பின்னால், அப்பாவின் குலதெய்வக் கோயில் வாசலில் நின்றது. அதன்மேல் பெரியப்பா மகன் உட்கார்ந்து மணியடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் வெகுதூரம் எங்களோடு வந்தது.

முன்னால் போன இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாமா கொஞ்ச தூரம் நடப்பார், நிற்பார், பாரத்தோடு கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, பெரியப்பாவின் குரலில், "என் தம்பி மகன் பொய் சொல்றான்யா!" என்பார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். தோற்றுத் திரும்பும் குடும்பம் ஒன்று இப்படிச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நானும் நிறைய ஊர்கள் பார்த்துவிட்டேன்.

அப்பா லாரி ஓட்டினார். நான் மூன்றாவது படிக்கும்போது வடக்கே லோடு கொண்டுபோனவர் திரும்பி வரவில்லை. விபத்து என்றும் சொன்னார்கள், அங்கே வேறு குடும்பம் என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் சாட்சி கிடையாது. அம்மா திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஒரு கடையில் பூக்கட்டினாள். அம்மாவின் தம்பி, என் மாமா, மைக்செட் போடப் போவார். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தோம். மழை வந்தால் அறையின் ஒரு மூலையில் இருந்தோம்.

அப்பா தன் வீட்டில் யாரையும் கேட்காமல் அம்மாவைக் கட்டிக்கொண்டவர். அதனால் அந்தக் குலதெய்வக் கோயிலில் அம்மா ஒரு தடவைகூடப் பொங்கல் வைத்ததில்லை. எனக்கு அங்கே முடியிறக்கியதில்லை, காது குத்தியதும் இல்லை. அப்பா போன பிறகு அவர் வீட்டார், அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை என்பது போலப் பேசிக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் சின்னத்தாத்தா ரிட்டயர் ஆனார். அவர் அப்பாவுக்குச் சித்தப்பா முறை, கொடைரோடு ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனவர்களில் சிலர் தோட்டம் போடுவார்கள், சிலர் சீட்டாடுவார்கள். இவர் முன்னோர்களைத் தேட ஆரம்பித்தார். மொபெட்டில் பங்காளி வீடு வீடாகப் போய், "உங்க தாத்தனுக்குத் தாத்தன் யாரு?" என்று கேட்பார். வண்டிச் சத்தம் கேட்டாலே வயசானவர்கள் கொல்லைப்பக்கமாகப் போய்விடுவார்களாம். அப்படியும் அவர் ஏழு தலைமுறையைப் பிடித்துவிட்டார். அந்தப் பெருமையில் அந்த வருஷக் கோயில் திருவிழாவுக்கு ஆலமரம் போட்ட ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் அடித்து, விழுதுகளில் எல்லார் பெயரையும் தொங்கவிட்டார். கூடவே ஒரு போட்டியும் அறிவித்தார். தன் வம்சத்தை யார் அதிக தலைமுறைக்கு நிறுத்தாமல் சொல்கிறாரோ அவருக்கு முதல் பரிசு, சைக்கிள்.

திருவிழாவுக்கு மைக்செட் போடப் போனது மாமா. யார் கோயில் என்று முதலாளி அவரிடம் சொல்லவில்லை. முந்தின நாள் வயர் இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா, வம்சம் சொல்ற போட்டியாம். பெரிய மரம் போட்டு அம்புட்டுப் பேரையும் எழுதி வச்சிருக்காய்ங்க. மச்சான் பேரும் இருக்கு."

"ம்."

"அவருக்குக் கீழ ஒண்ணும் இல்ல. மொட்டையா விட்டிருக்காய்ங்க."

அம்மா நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்தப் போட்டிக்கு யாரு வேணாலும் பேரு குடுக்கலாமா?"

"பங்காளி வீட்டு ஆளுக மட்டுந்தான்."

"இவன் யாரு வீட்டுப் பிள்ளை?"

மாமா என்னைப் பார்த்தார். "மொதப் பரிசு சைக்கிள்டா மாப்ள" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. அம்மாவுக்கு வேண்டியிருந்தது, அந்த மரத்தில் அப்பாவுக்குக் கீழே என் பெயர். எனக்கு வேண்டியிருந்தது சைக்கிள். ஒரே போட்டிக்கு நாங்கள் இரண்டு பேர் போனோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். என் தாத்தா முத்தையா. அவர் அப்பா பழனியாண்டி. அவருடைய அப்பா முத்தையா. பெரியப்பா பழனியாண்டி, அவர் மகன் முத்தையா. அப்பா இளையவர் என்பதால் ராசு என்று ஏதோ ஒன்று கிடைத்தது. அந்த வீட்டில் யாரும் அம்மாவைக் கூப்பிடவில்லை, யாரும் அவளிடம் அந்தப் பெயரை வைக்கச் சொல்லவும் இல்லை. ஆனாலும் எனக்கு முத்தையா என்றுதான் பெயர் வைத்தாள்.

இதில் இருந்த வசதியை மாமா உடனே கண்டுபிடித்துவிட்டார். "ரெண்டே பேருதான் மாப்ள. முத்தையா, பழனியாண்டி. மாடிப்படி மாதிரி ஏறிக்கிட்டே இரு."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல திரும்பவும் முத்தையா."

"எம்புட்டுத் தூரம் மாமா போகணும்?"

"கரண்டு போற வரைக்கும் போ. யாரு வந்து பாக்கப்போறா?"

மறுநாள் கோயில் மைதானம் நிறைந்திருந்தது. அம்மா உள்ளே வரவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், மைக்செட்காரரின் ஆள் போல நின்றுகொண்டாள். முதலில் ஏறிய இரண்டு பேர் தாத்தாவைத் தாண்டவில்லை. மருமகள்களும் புருஷன் வீட்டு வம்சத்தைச் சொல்லலாம் என்று விதி. வடமதுரையிலிருந்து வந்த ஓர் அக்கா தைரியமாக மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டுக்காரரு…" என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள்.

"பேரச் சொல்லு தாயி" என்றார் சின்னத்தாத்தா.

"அதெப்படிங்க சொல்றது?"

கூட்டத்திலிருந்து அவள் புருஷன், "பரவால்ல, சும்மா சொல்லு! சைக்கிளு!" என்று கத்தினான்.

"நீங்க வாய மூடுங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மைதானம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

பெரியப்பா மகன் ஏறினான். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஏழு தலைமுறையையும் ஒப்பித்தான். கைதட்டல். சின்னத்தாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டி முடிந்தது என்று எல்லாரும் எழுந்தபோது மாமா தன் பக்கத்து மைக்கில், "அடுத்ததாக, செல்வன் முத்தையா!" என்றார்.

"அவன்தான் சொல்லிட்டானே" என்றார் பெரியப்பா.

"இது வேற முத்தையா" என்றார் மாமா.

நான் ஏறினேன். "என் பேரு முத்தையா. எங்க அப்பா ராசு" என்றேன். மைதானத்தில் சத்தம் சட்டென்று அடங்கியது. நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று மாமாவைப் பார்த்தேன். அவர் கையால் படியேறிக் காட்டினார். நான் ஏறினேன். ராசுவுக்கு அப்பா முத்தையா, முத்தையாவுக்கு அப்பா பழனியாண்டி, பழனியாண்டிக்கு அப்பா முத்தையா. ஏழைத் தாண்டியதும் விசில் பறந்தது. சின்னப் பிள்ளைகள் கைதட்டித் தாளம் போட்டு எண்ண ஆரம்பித்தார்கள். எனக்கும் தாளம் பிடித்துவிட்டது. பத்து, பதினொன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். சைக்கிள் கூடையில் என்ன வைக்கலாம் என்று யோசிக்கக்கூட நேரம் இருந்தது.

பெரியப்பா பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "நிறுத்துலே! ரெண்டு பேர வச்சுக்கிட்டு ராட்டினம் சுத்துறான்!"

"செத்த இரு" என்றார் சின்னத்தாத்தா. "கடைசியாச் சொன்ன ஆளு முத்தையா இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"பெறகு அந்த ஆளு பேரு என்னவா இருக்கும்?"

பெரியப்பா நிஜமாகவே யோசித்தார். "முத்தையாவாத்தான் இருக்கும்…"

கூட்டம் ஆர்ப்பரித்தது. பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதுக்காக? என் தம்பி மகன் பொய் சொல்றான்யா! எங்க வீட்டுப் பய பொய் சொன்னா எனக்குத் தெரியாதா?"

மாமா அந்த நேரம் பார்த்து எக்கோவைத் திருகிவிட்டிருந்தார். தம்பி மகன், மகன், மகன் என்று அது தோப்புகளைத் தாண்டி அணைப் பக்கம் போனது.

சின்னத்தாத்தா மெல்லக் கேட்டார். "யாரு மகன்?"

பெரியப்பா கையில் மைக்கோடு நின்றார். இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. அம்புட்டுப் பேரும் கேட்டுவிட்டார்கள். "தம்பி மகன்" என்றார், இறங்கிய குரலில்.

சின்னத்தாத்தா ஸ்டூலைப் போட்டு ஏறினார். பையிலிருந்து மார்க்கரை எடுத்து, அப்பா பெயருக்குக் கீழே முத்தையா என்று எழுதினார். ஃப்ளெக்ஸில் மை சரியாகப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தின் மேலும் திரும்பத் திரும்ப இழுத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். ஏழுக்கு மேலே தனக்கே தெரியாததால் அதெல்லாம் செல்லாது. ஏழு வரைக்கும் இரண்டு முத்தையாவும் சமம். முந்திச் சொன்னவனுக்குச் சைக்கிள், பிந்திச் சொன்னவனுக்குத் தூக்குவாளி.

நான் அழ ஆரம்பித்தது அப்போதுதான்.

பெரியப்பா ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் வந்து, அம்மாவைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்து, "வந்ததுதான் வந்த, ஒரு பொங்கல வச்சிட்டுப் போகலாம்ல?" என்றார்.

"அடுத்த வருசம் வாரேன்" என்றாள் அம்மா, அவளும் பெட்டியைப் பார்த்தபடி.

மெயின் ரோட்டில் ஏறியதும் ஒரு பாத்திரக்கடை. அங்கே பெயர் வெட்டுகிற மிஷினோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மா தூக்குவாளியை நீட்டினாள். "பேரு? இனிஷியல்?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்து, "சொல்லுடா" என்றாள். நான் சைக்கிளுக்காக விசும்பிக்கொண்டிருந்தேன், சொல்ல முடியாது என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அவளே சொன்னாள்.

"ராசு. ராசு மகன் முத்தையா. இனிஷியலா வேணாம், முழுசா வெட்டுங்க."

மாமா தலையிலிருந்த ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்மா வாயால் அப்பாவின் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இம்புட்டு நீளமாக வெட்டினால் வாளியே அசிங்கமாகிவிடுமே என்றுதான் நினைத்தேன்.

லீவு விட்டால் எங்கள் தெருப் பையன்கள் எங்காவது வேலைக்குப் போவது வழக்கம். மறுநாள் காலை அம்மா என்னைப் பூ மார்க்கெட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனாள். கடைகளுக்கு டீ கொண்டுபோய் ஊற்றும் வேலை. சொந்தத் தூக்குவாளியோடு வேலைக்கு வந்த முதல் ஆள் நீதான் என்றார் டீக்கடை பாய். வாளியைத் திருப்பி, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு படித்தார். "ராசு மகன் முத்தையா. சரி, பேரு கேக்குற வேலை மிச்சம். போ, மல்லிகைக் கடையிலேர்ந்து ஆரம்பி." லீவு வேலை என்றுதான் சேர்ந்தேன். லீவு முடிந்தது, வேலை முடியவில்லை.

மார்க்கெட்டில் முத்தையாக்கள் நிறைய. அதனால் வாளியைப் படித்தவர்கள் எல்லாரும் முன்பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏலே ராசு மகனே, இங்க நாலு டீ!" "ராசு மகன் எங்கப்பா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அம்மா கட்டிய பூவைச் சுற்றி வைத்துவிட்டுக் கையை உயர்த்தி, "எனக்கும் ஒண்ணு" என்றாள்.

அம்மா டீ குடிக்கமாட்டாள், குடித்தால் நெஞ்செரியும். நான் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த கடைக்காரர் என்னைக் கூப்பிடும்வரை அப்படியே நின்றாள். நல்ல டீ ஆறிப்போகிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.