சாலில் விழாத கரட் விதை

முதல் அறிகுறி களைப்புத்தான். வெஸ்ட்லி நிலத்தடி ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் சின்ன மேட்டில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஐம்பத்தாறு வயது, பள்ளிக்கூடமொன்றில் கட்டடப் பராமரிப்பு வேலை, நாள் முழுக்கப் படி ஏறி இறங்குகிறவனுக்குக் களைப்பில்லாமல் வேறென்ன வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இலையுதிர்காலத்தில் இந்த ஒஸ்லோவில் களைக்காத மனிதர் யார்?

குடும்ப வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. பிறகு பெருங்குடலுக்குள் கமெரா விட்டுப் பார்த்தார்கள். கட்டி இருந்தது. கார்த்திகையில் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் (நோயை எதிர்க்கும் சின்னச் சின்ன முடிச்சுகள்) புற்று இருந்தபடியால், தை மாதம் தொடக்கம் கீமோ என்றார்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை இரத்த நாளத்தில் ஏற்றும் மருந்து, இடையில் இரண்டு கிழமை விழுங்கும் குளிசை. இதை இங்கே ‘கூர்’ என்பார்கள். எனக்கு எட்டுக் கூர்.

அந்த ஏற்றும் மருந்துக்கு ஒரு குணம் உண்டு. போட்ட கையோடு குளிரைத் தொட முடியாது. குளிர்சாதனப் பெட்டியில் பால் எடுத்தால் விரலில் கரண்ட் அடிக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். தை மாதத்து ஒஸ்லோவில் இருந்துகொண்டு குளிரைத் தொடாதே என்றால் எங்கே போவது? சமையலறையில் கையுறை போட்டுக்கொண்டு நின்றேன். என் மனைவி ஜெசிந்தாவுக்கு முதல் நாள் அது சிரிப்பாக இருந்தது. இரண்டாவது கூரோடு சிரிப்பு நின்றுவிட்டது.

ஒவ்வொரு கூருக்கும் முன்னால் தாதி ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்பார். வாந்தி உண்டா, வயிற்றோட்டம் உண்டா, விரல் மரத்திருக்கிறதா, அந்த மரப்பு அடுத்த கூர் வரும்வரை நிற்கிறதா, சட்டைப் பொத்தான் பூட்ட முடிகிறதா. நான் பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். மாசியிலிருந்து அது பொய். பொத்தான் பூட்ட அரை மணித்தியாலம் போனது. ஆகவே பொத்தான் இல்லாத கம்பளிச் சட்டைகளாகப் பார்த்துப் போடத் தொடங்கினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். எட்டு என்றால் எட்டையும் முழுதாக எடுத்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புற்று வருத்தம் திரும்பி வரும் என்று தலைக்குள் ஏறியிருந்தது. அதைவிட மோசமாக, விரல் மரக்க மரக்க மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றும் நம்பினேன். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்த மடைத்தனம்.

சித்திரையில், ஐந்தாவது கூர் முடிந்த மூன்றாம் கிழமை, தோட்டத்துக்குப் போனோம். ஸ்டோவ்னர் பக்கமாக எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. வரிசையில் பல வருடம் காத்திருந்து கிடைத்தது. வைகாசிக்குள் கொத்திப் பயிரிடாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வேலிக்கரையில் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. மண் மேலே இளகி, ஒரு சாண் கீழே இன்னும் இறுகியிருந்தது. இந்தக் குளிரிலும் முளைக்கக்கூடியவை கொஞ்சம் உண்டு: கீரை, பட்டாணி, வெங்காயம், கரட். விதைத்துவிட்டு மேலே வெள்ளை மூடுதுணி விரித்தால் (குளிர் தாக்காமல் பாத்தியைக் காக்கும் மெல்லிய துணி) மிச்சத்தை அதுகளே பார்த்துக்கொள்ளும்.

ஜெசிந்தா மண்ணைக் கிளறினாள். எனக்கு முள்வாரி பிடிக்கப் பலமில்லை. கயிறு கட்டி விதைச் சால் இழுப்பதற்குள்ளேயே கவிழ்த்த பெட்டியில் இரண்டு தரம் இருந்துவிட்டேன். கரட் விதையை மட்டும் நான் போடுகிறேன் என்றேன். அது கையுறையோடு செய்யும் வேலை அல்ல. இடது உள்ளங்கையில் விதையைக் கொட்டி, வலது கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சிட்டிகை சிட்டிகையாக எடுத்துத் தூவ வேண்டும். என் கண் எப்போதும் சாலில் இருக்கும், விரல் தன்பாட்டில் எடுத்துப் போடும். அப்படியே குனிந்து சால் முழுவதையும் முடித்தேன். நாரி (இடுப்பின் பின்பக்கம்) வலித்தது. ஆனாலும் அன்றைக்கு ஒரு வேலையை முடித்த திருப்தி இருந்தது.

எனக்குப் பின்னால் மண்ணை மூடிக்கொண்டு வந்த ஜெசிந்தா நின்றுவிட்டாள்.

“என்னப்பா, விதை எங்கை?”

“போட்டுக்கொண்டெல்லோ வாறன்.”

“கையை விரியுங்கோ பாப்பம்.”

விரித்தேன். கொட்டிய விதை முழுவதும் உள்ளங்கையில் அப்படியே இருந்தது. அந்தச் சால் முழுக்க நான் வெறும் விரலைத் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அவள் முள்வாரியைக் கீழே போட்டாள். “எத்தினை நாளா இப்பிடி?”

“மாசியிலயிருந்து.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா மருந்தைக் குறைச்சுப்போடுவினம்.”

ஜெசிந்தாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. “நான் விடிஞ்சா பொழுதுபட்டா ஆக்களுக்குப் பொத்தான் பூட்டிவிடுறன்,” என்றாள். “வீட்டிலை ஒராள் பொத்தான் இல்லாத சட்டையாப் போட்டுத் திரியிறதைக் காணேல்லை.” சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அவளைத் தேற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது. பிடிபட்டவனுடைய எரிச்சல். அவளே விதையை என் கையிலிருந்து வழித்தெடுத்துத் திரும்பவும் அந்தச் சாலில் தூவினாள்.

அடுத்த கிழமை அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். புற்றுநோய் வைத்தியர் ஓர் இளம் பெண். கண்ணை மூடச் சொல்லி, எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டார்.

“சுட்டுவிரல்,” என்றேன்.

“நான் இன்னும் தொடவே இல்லை,” என்றார்.

நரம்புப் பாதிப்பு (கை, கால் நுனிகளில் உள்ள மெல்லிய நரம்புகள் பழுதாவது) என்று எழுதினார். ஏற்றும் மருந்து அன்றோடு நின்றது. குளிசை மட்டும் தொடரும். மூன்று கூர் குறைந்தால் வருத்தம் திரும்பி வராதா என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாது. ஐந்தும் வீண் போகவில்லை. ஆனால் மாசியில் சொல்லியிருந்தால் அளவைக் குறைத்து, எட்டையும் தந்திருக்கக்கூடும். விரலும் இவ்வளவு போயிருக்காது.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மருந்தைக் காப்பாற்ற விரலைக் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். கடைசியில் இரண்டும் போனது.

நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு மரப்பு கூடலாம் என்று அவர் எச்சரித்திருந்தார். கூடியது. ஆடியில் பாதமும் மரத்து, படியிறங்கும்போது கீழே பார்த்துப் பார்த்துக் காலை வைத்தேன். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சட்டைப்பையில் கைவிட்டால் கதவுத் திறப்பு எது, சில்லறை எது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் மேசையில் கொட்டிக் கண்ணால் தேடினேன். களைப்பு குறைந்தது. இல்லாமல் போகவில்லை.

இதே மருந்து ஏறிக்கொண்டிருக்கும் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பரவாயில்லை என்பதை வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். தாதி கேட்டால் பொத்தானைப் பூட்டியே காட்டுங்கள். பொறுத்துக்கொள்வதற்கு அங்கே ஒருவரும் புள்ளி போடுவதில்லை.

ஒரு வருடம் ஓடிவிட்டது. ஓடியது என்பது பழைய கணக்கு. எனக்கு இப்போது ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரைதான் காலம். பங்குனியில் எடுத்ததில் ஒன்றும் இல்லை என்றார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்ததுவரை இருக்கலாம். இந்தச் சித்திரையிலும் தோட்டத்துக்குப் போனோம். நான் கயிறு பிடித்தேன், ஜெசிந்தா விதைத்தாள். துணியை விரித்து ஓரத்தில் கல் வைத்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்தோம். பிறகு பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். காற்றில் துணி எழும்பிப் படிவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தற்செயலாகக் கீழே பார்த்தால், ஜெசிந்தா தன் கையுறையைக் கழற்றிவிட்டு என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப பிடிச்சனீர்?”

“தேத்தண்ணி குடிச்சு முடிச்ச நேரந்தொட்டு,” என்றாள். “இப்பதான் கண்டனீங்களோ?”

ஓம் என்றேன். அதற்குப் பிறகு அங்கே இருந்தவரை துணியைப் பார்க்கவில்லை, எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.