எல்ஃபுக்கு முட்டி வலிக்குமா?

எஞ்சினை நிறுத்துகிறார். பிரேக்கை இன்னொரு தடவை சோதிக்கிறார். கடைசி இருக்கை வரை நடந்து போய், யாராவது குடையை மறந்துவிட்டுப் போனார்களா என்று பார்க்கிறார். பிறகு இறங்கி, புக்கிட் பாத்தோக் பேருந்து நிலையத்தின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, சரசு மணி பார்க்கிறார். அடுத்த நடைக்குப் பதினோரு நிமிடம் இருக்கிறது. நான்கு நிமிடம் கழிப்பறைக்கு, இரண்டு நிமிடம் சர்க்கரை போடாத கோப்பிக்கு. மிச்சம் ஐந்து நிமிடமும் எல்ஃபுகளுக்கு.

எல்ஃபுகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூரான காது, நீளமான முடி, ஆயிரம் வருடம் வாழ்ந்தாலும் நரைக்காத தலை. ஒரு வெளிநாட்டு நாவல் வரிசையில் ஒன்பது பாகமும் காட்டிலேயே திரிந்துகொண்டிருந்தாள் ஏலின் என்ற எல்ஃப் பெண். அவளை நான் இரவல் வாங்கி, இந்தக் காலத்துச் சிங்கப்பூருக்குக் கூட்டிவந்து, புக்கிட் பாத்தோக்கில் ஒரு புளோக்கின் பத்தாவது மாடியில் குடிவைத்து, இணையத்தில் வாரம் ஓர் அத்தியாயமாகத் தமிழில் எழுதிவருகிறேன். பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதை இது. சம்பளம் கிடையாது. பகலில் தேக்காவில் ஒரு பல் மருத்துவரின் முன்மேசையில் உட்கார்ந்து, அழுகிற பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதுதான் என் பிழைப்பு.

சரசு என் வாசகர். ஐம்பத்து மூன்று வயது. பதினேழு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். ஓட்டுநர் என்று சொன்னால் உடனே திருத்துவார்: "கேப்டன்." அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பஸ் நம்பரெல்லாம் போட்டுறாதீங்க லா. அப்புறம் ஆபீஸ்ல கூப்பிட்டு, யாரு இந்த எல்ஃபுன்னு கேப்பாங்க."

முதல் அத்தியாயத்தில் ஏலின் பத்தாவது மாடியிலிருந்து பூனை மாதிரி குதித்துத் தரையில் நிற்பாள். ராத்திரி பகலாய் யோசித்து எழுதிய இடம். நான்கு நாள் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு கருத்து வந்து விழுந்தது. "புக்கிட் பாத்தோக் இன்டர்சேஞ். 5 நிமிஷம் இருக்கு. குதிச்சு இறங்குறா, சரி. லிஃப்ட் ரிப்பேரா? டவுன் கவுன்சிலுக்குச் சொல்லியாச்சா? பஸ் கேப்டன் சரசு." என் எழுத்து வாழ்க்கையின் முதல் விமர்சனம் அதுதான்.

அன்றிலிருந்து ஆறு மாதம் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. எங்கே இருக்கிறார், எத்தனை நிமிடம் இருக்கிறது என்று முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் குறைக்கே வருவார். மந்திர தந்திரங்களில் அவருக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. ஏலின் ஒரு வார்த்தை சொல்லி அடைமழையை நிறுத்தினாள்; சரசு மூச்சுவிடவில்லை. அதே அத்தியாயத்தில் அவள் பேருந்தின் முன்கதவு வழியாக இறங்கிவிட்டாள். வந்ததே கோபம்! "மழையை நிறுத்துறா, நிறுத்தட்டும். முன்டோர்ல ஏன் இறங்குறா? ஏறுறவங்க எப்படி ஏறுவாங்க? பின்டோர் எதுக்கு இருக்கு?" இன்னொரு வாரம் ஏலினின் வில்லைப் பிடித்துக்கொண்டார். "முதுகுல மாட்டிக்கிட்டு ஏறினா பின்னாடி நிக்கிறவங்க கண்ணுல குத்தும். கழற்றி முன்னாடி வச்சுக்கச் சொல்லுங்க. ஆத்தர் கவனிக்கவும்." நான் கவனித்தேன். அதற்குப் பிறகு ஏலின் வில்லைக் கைப்பை போல மடியில் வைத்துக்கொண்டுதான் பயணம் செய்கிறாள்.

பெரிய கலவரம் முதியவர்களுக்கு ஒதுக்கிய முன்னுரிமை இருக்கையில் நடந்தது. நானூற்றுப் பன்னிரண்டு வயது ஏலின் உட்கார்ந்திருக்க, எழுபது வயது அங்கிள் ஒருவர் ஏறி அவள் முன்னால் வந்து நிற்கிறார். யார் எழுந்திருக்க வேண்டும்? இதற்கு மூன்று நாள் சண்டை. பிடோக்கிலிருந்து படிக்கும் ஆரிஃப் என்ற பாலிடெக்னிக் மாணவன் சட்டம் பேசினான்: "ஏஜ் இஸ் ஏஜ். அங்கிள்தான் ஜூனியர். ஷீ டிசர்வ்ஸ் தட் சீட்." சிலர் அவனோடு சேர்ந்தார்கள், சிலர் அங்கிளுக்காக வரிந்துகட்டினார்கள். சண்டை முற்றியபோது சரசு வந்தார். "தேக்கா பக்கம் ஜாம். இப்பதான் வந்தேன். 2 நிமிஷம் இருக்கு. வயசு கணக்கு பார்க்கக் கூடாது, முட்டி கணக்கு பார்க்கணும். எல்ஃபுக்கு முட்டி வலிக்குமா? ஆத்தர் பதில் சொல்லவும்." ஒன்பது பாகத்தையும் புரட்டிப் பார்த்தேன். மூல ஆசிரியர் முட்டியைப் பற்றி மூச்சே விடவில்லை. அடுத்த அத்தியாயத்தில் ஏலினை எழுந்து நிற்க வைத்துவிட்டேன்.

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். சரசுவின் கையில் மோதிரம் இல்லை, வெயிலுக்குப் போட்ட கையுறைதான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் குட்டு எனக்கு வேண்டியிருந்தது. மற்றவர்கள் "செம", "அடுத்தது எப்போ" என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு வரியையும் டயர் தட்டிப் பார்க்கிற மாதிரி தட்டிப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

அப்புறம்தான் இருபத்தேழாவது அத்தியாயம் வந்து தொலைத்தது. புக்கிட் தீமா குன்றில் ஒரு மரத்தடியில் பௌர்ணமிக்கு ஒருமுறை ஒரு வாசல் திறக்கும். அதன் வழியாக ஏலினின் தம்பி, இருநூறு வருடம் கழித்து, அவளைப் பார்க்க வருகிறான். சூரியன் மறைவதற்குள் அவள் அங்கே போய்ச் சேர வேண்டும். நிறுத்தத்துக்கு ஓடி வருகிறாள். பேருந்து புறப்பட்டுவிடுகிறது. தம்பி காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறான். நான் எழுதிய வரி இது: "ஓட்டுநர் அவளைப் பார்த்தார். பார்த்தும் பார்க்காதவர் போலப் போய்விட்டார்."

அடேயப்பா! எண்பத்து மூன்று கருத்துகள். பத்து மாடி குதிப்பவள் ஓடியே போயிருக்கலாமே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் ஓட்டுநரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "ஹார்ட்லெஸ்" என்று ஆரம்பித்து வைத்தவன் ஆரிஃப். "ஈரமில்லாத ஜென்மம்" என்றார் ஒருவர். "இந்த மாதிரி ஆளுங்களை வேலையை விட்டுத் தூக்கணும்" என்றார் இன்னொருவர். நான் புகழ் மயக்கத்தில் எல்லாவற்றுக்கும் இதயம் போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் சரசுவின் ஒரே ஒரு கேள்வி. எங்கே இருக்கிறார், எத்தனை நிமிடம் என்ற முதல் வரி அதில் இல்லை. "கண்ணாடியில பார்த்தாரா, நேரா பார்த்தாரா?" அதற்கும் ஒரு இதயம் போட்டேன். மடச்சி!

அதன் பிறகு சரசுவிடமிருந்து சத்தமே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். இருபத்தெட்டாவது அத்தியாயத்தில் ஏலின் நிறுத்தத்திலேயே நின்றாள்; எனக்கு அவளை எந்தப் பேருந்தில் ஏற்றுவதென்று தெரியவில்லை. எண்பத்து மூன்று பேர் இருந்தும் யாருமே இல்லாத மாதிரி இருந்தது. அழுகையாகக்கூட வந்தது, சொல்வதற்கென்ன. ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் எங்கே ஐந்து நிமிடம் இருப்பார் என்பதுதான் ஊருக்கே தெரியுமே.

காலை பத்தேகாலுக்கு, சட்டையில் சரசு என்ற பெயர்ப் பட்டையோடு வந்து பெஞ்சில் அமர்ந்தார். கைப்பேசியை எடுத்தார். என் கதையைத்தான் திறக்கிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், மிட்டாய் உடைக்கிற விளையாட்டு! என் எல்ஃபை நட்டநடு ரோட்டில் விட்டுவிட்டு மிட்டாய் உடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி…" என்றேன்.

"அக்கான்னு சொல்லுங்க. கேப்டன்னாலும் சரி."

"அக்கா, நான்தான் அந்த எல்ஃப் கதை எழுதுற மோகனப்பிரியா."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். மேலும் கீழும் பார்த்தார். "ஆத்தரா? நான் என்னமோ வயசான ஆளுன்னு நினைச்சேன். உட்காருங்க. அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

ஏன் கருத்து எழுதுவதில்லை என்று கேட்டேன். கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு கேக் பெட்டியை வச்சுக்கிட்டு ஓடி வந்துச்சு. நான் டோர் மூடிட்டேன், சிக்னல் போட்டுட்டேன், பஸ் நிக்கிற பே-யை விட்டு பாதி வெளிய வந்துட்டேன், அப்பதான் கண்ணாடியில பார்த்தேன். பின்னாடி கார்க்காரர் வழி விட்டு நிக்கிறார். அப்ப நடு ரோட்ல டோர் திறக்கக் கூடாது. அதுதான் ரூல். திறந்து அந்தப் பொண்ணு விழுந்தா? யாரோ பன்னெண்டு செகண்ட் வீடியோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டுட்டாங்க. ஆபீஸ்ல கேமராவை முழுசா பார்த்தாங்க, என் மேல தப்பு இல்லைன்னுட்டாங்க. ஃபேஸ்புக்ல யாரு கேமரா பார்த்தா? ஹார்ட்லெஸ்னாங்க. ஈரமில்லாதவன்னாங்க. வேலையை விட்டுத் தூக்குன்னாங்க." கவிழ்த்து வைத்த கைப்பேசியை விரலால் தட்டினார். "அதை மறக்கத்தான் இந்த எல்ஃபு கதைக்கே வந்தேன். இங்க வந்து பார்த்தா, அதே ஆளுங்க, அதே வார்த்தை."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த வார்த்தைகளுக்கெல்லாம் வரிசையாக இதயம் போட்டவள் நான். "மன்னிச்சிருங்க அக்கா. நான் மாத்திடுறேன். டிரைவர் டோரைத் திறந்து அவளை ஏத்திக்கிட்டார்னு எழுதிடுறேன். தம்பியையும் பார்த்துடட்டும்" என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

வந்தது பாருங்கள் கோபம்! "யாரு திறக்கச் சொன்னா? திறந்தா தப்பு! தப்பு பண்ணினாதான் நல்லவரா? எல்ஃபுக்கு ஒரு ரூலு, கேக் பொண்ணுக்கு ஒரு ரூலா?"

"பின்ன என்னக்கா எழுதணும்?"

சரசு மணி பார்த்தார். எழுந்து கோப்பி டம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது. "பார்த்தார்னு எழுதினீங்க. சரி. பார்த்த அப்புறம் அவருக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதலாம்ல? அந்தப் பொண்ணு கேக்கோட நின்னது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. வீட்டுல பர்த்டேயோ என்னவோ. அதை யாரும் எழுதல."

அன்று மாலையே அந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதினேன். "அவர் அவளைக் கண்ணாடியில் பார்த்தார். திறக்க முடியாது. அடுத்த நிறுத்தம் வரை அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போனார்." இதற்கு நிச்சயம் உருகிவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் காலை கருத்து வந்தது. "புக்கிட் பாத்தோக் இன்டர்சேஞ். 5 நிமிஷம் இருக்கு. அடுத்த ஸ்டாப் வரைக்கும் கண்ணாடியையே பார்த்தா முன்னாடி யாரு பார்க்கிறது? ஆக்ஸிடென்ட் ஆயிடும். ரெண்டு தடவை பார்த்தார்னு போடுங்க. ஆத்தர் கவனிக்கவும்." இரண்டு தடவை என்று மாற்றினேன். ஆரிஃப் மட்டும் அதன் கீழே "ஓ" என்று ஓர் எழுத்து எழுதிவிட்டுப் போனான். ஏலின் அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருக்கப் போய்விட்டாள்.

இப்போது அவர் வண்டி கிடைத்தால் அதில்தான் வேலைக்குப் போகிறேன். பயண அட்டையைத் தட்டிவிட்டு "வணக்கம் கேப்டன்" என்பேன். "உள்ள போங்க, உள்ள போங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. ஆனால் எதிரே இன்னொரு பேருந்து வந்தால் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கிலிருந்து வலது உள்ளங்கை மட்டும் உயரும். அந்தப் பக்கத்திலும் ஒரு கை உயரும். சீனரோ, மலாய்க்காரரோ, போன வாரம் வேலைக்குச் சேர்ந்தவரோ, பேருந்து ஓட்டுகிற யாராக இருந்தாலும் அந்தக் கை உண்டு. வேறு ஒருவருக்கும் கிடையாது. அவருடைய கணவர் செல்வராஜ் சில நாள் மார்க்கெட் பையோடு நிறுத்தத்தில் நிற்பார். பல்லைக் காட்டிச் சிரிப்பார். கேப்டனின் முகத்தில் சலனமே இருக்காது. கேட்டதற்கு, "டூட்டியில இருக்கேன்ல? அது கேப்டனுக்குக் கேப்டன் காட்டுறது. அவர் என்ன பஸ்ஸா ஓட்டுறார்?" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை நான் எழுந்திருக்கவே நேரமாகிவிட்டது. லிஃப்ட் வேறு ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்கியது. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, ஒரு கையில் ஈரத் தலையைத் துவட்டிய துண்டு. அதைப் போட்டுவிட்டு வரக்கூட நேரமில்லை. நிறுத்தத்துக்கு ஓடினேன். அவருடைய வண்டிதான். கதவு மூடிவிட்டது, சிக்னல் மின்னுகிறது, முன்சக்கரம் பே-யைவிட்டு வெளியே வந்தாயிற்று. பின்னால் ஒரு டாக்ஸி வழிவிட்டு நிற்கிறது. "அக்கா! கேப்டன்!" என்று கத்தினேன். இடப்பக்கக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

கதவு திறக்கவில்லை. வண்டி நகர்ந்து சாலைக்குப் போய்விட்டது. துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது அந்தக் கண்ணாடியில் முகம் இன்னொரு தடவை திரும்பியது. அதோடு, ஸ்டீயரிங்கிலிருந்து வலது உள்ளங்கை உயர்ந்தது.